தமீம் விற்ற ஜோடி

சிதம்பரத்தில் என் தையல் கடைக்கு அடுத்த கடை தமீம் அன்சாரியின் வளர்ப்பு மீன் கடை. சொந்த ஊர் கடலூர் செம்மண்டலம். துபாயில் ஒரு மீன் கடையில் தொட்டி கழுவிக் கழுவிக் கற்றுக்கொண்ட தொழில் என்பான். மீன் வாங்கிப் போனவர்கள் வீட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்புவார்கள். இது ஏன் அதைத் துரத்துகிறது, அது ஏன் உடம்பை உதறுகிறது என்று கேட்பார்கள். தமீம் ஒரு நொடி பார்த்துவிட்டு, "சண்ட இல்லைங்க, லவ்வு" என்பான். இல்லையென்றால், "லவ்வு இல்லைங்க, சண்ட. பிரிச்சி வுட்டுடுங்க." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதுவே அவனைக் கெடுத்தது என்பது என் கட்சி.

கீரப்பாளையத்து அருள்மொழிக்கு ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் விற்றான். ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று பார்த்தவுடன் தெரியாது. அதன் நடத்தையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இவை இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுத்தன, பக்கத்தில் வந்த மற்ற மீன்களை விரட்டின, தொட்டியில் சாய்த்திருந்த கல்லை மாறி மாறிக் கொத்திச் சுத்தம் செய்தன. "இதுக்கு மேல என்னா ஜோடிப் பொருத்தம் வேணும்?" என்று பையில் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

அருள்மொழிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. மீன் முட்டையிட்டதும் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போயிருக்கிறாள். இரண்டு நாளில் முட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று வெளுத்து வீணாகிவிட்டது. மறுபடி இட்டன, மறுபடி வெளுத்தன. ஒவ்வொரு தடவையும் வீடியோ அனுப்பினாள். ஒன்றைக்கூட இவன் கடைசிவரை பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் அவளே போன் செய்தாள். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"உங்க கையிலதான் ஏதோ இருக்கு. இனிமே தொட்டிக்குள்ள கை வுடாதீங்க."

சோப்போ க்ரீமோ இருக்கும் என்று நினைத்தான். நினைத்ததைச் சொல்லாமல் விட்டான். அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருந்ததும், மாமியார் லோகநாயகி கேட்டுக்கொண்டிருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து அருள்மொழி மீன்களோடு கடைக்கு வந்தாள்.

"நீங்களே வச்சிக்குங்க பாய். வீட்ல வேணாம்னுட்டாங்க."

"ஏம்மா, என்னா ஆச்சி?"

"நாத்தனாருக்கு வளைகாப்பு. நானும் வளையல் போடப் போனேன். 'நீ போடாத, உன் கை பட்டு மீன் முட்டையே வெளுத்துப் போவுது, மீன்கார பாயே சொல்லிட்டாரு'ன்னு எங்க அத்த எல்லார் எதிருலயும் சொல்லிட்டாங்க."

அவள் அழவில்லை. இவன்தான் அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மீன்களைக் கடையில் ஒரு தனித் தொட்டியில் விட்டான். சில வாரங்களில் மறுபடி முட்டையிட ஆரம்பித்தன. இந்த முறை முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். ஒரு மீன் கல்லில் வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டே போனது. ஆண் என்று அவன் நினைத்திருந்த மற்றது பின்னாலேயே வந்து, அதுவும் முட்டையிட்டது. இரண்டும் பெண். ஆண் சேராத முட்டை வெளுத்துத்தான் போகும். ஆண் கிடைக்காவிட்டால் பெண் ஏஞ்சல்கள் இப்படி ஜோடி சேர்வதுண்டு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அருள்மொழியின் கை படாமல், அவனுடைய தண்ணீரிலேயே முட்டைகள் வெளுத்தன.

"போய்ச் சொல்லிட்டு வாடா" என்றேன்.

"நாளைக்குப் போறேன் மச்சான்."

அந்த நாளை வரவே இல்லை. குற்ற உணர்ச்சி அவனை அரித்தது. யாராவது வீடியோ காட்டினால், "எனக்குத் தெரியலைங்க" என்று திருப்பி அனுப்பினான். "வாயத் தொறக்கவே பயமா இருக்கு மச்சான். அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றான். இப்படியே மாதங்கள் ஓட, எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ இங்க ஒக்காந்து வருத்தப்பட்டா அங்க அந்தப் பொண்ணுக்கு என்னாடா பிரயோசனம்? ஏறு வண்டியில."

கீரப்பாளையத்தில் அருள்மொழிதான் வாசலுக்கு வந்தாள். தமீம் தலையைக் குனிந்துகொண்டு முனகினான். "தப்பு என்னுதும்மா. ரெண்டும் பொட்ட மீனு. பாக்காம வித்துட்டேன். எங்கடையிலயும் முட்ட வெளுத்துதான் போச்சி. உங்க கையில ஒண்ணுமே இல்லம்மா."

அவள் ஒருமுறை வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க பாய்."

சத்தமாகச் சொன்னான். எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். லோகநாயகி நிலைப்படிவரை வந்து நின்றார்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னாப்பா? வளைகாப்பு முடிஞ்சி புள்ளயும் பொறந்திடுச்சி."

குரலில் அதட்டல் இருந்தது. ஆனால் மருமகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

உள்ளே தொட்டிலில் குழந்தை அழுதது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நாத்தனாரின் குழந்தை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அழுகை கூடியது. அருள்மொழி அசையாமல் மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ, போய்த் தூக்கு" என்றார் லோகநாயகி.

அருள்மொழி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள். தொட்டிலருகில் நின்று இன்னொரு தடவை துடைத்தாள். தலைக்கு அடியில் கை கொடுப்பதா, முதுகுக்கா என்று தடுமாறி, பயந்து பயந்து தூக்கினாள். ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குழந்தையை அவள் இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறாள் என்பது வாசலில் நின்ற எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

தமீம் படியிறங்கிப் போய், வண்டியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.