உள்பக்கம் ஒட்டிய ஒட்டு

1. ராக்கெட் சரியாகவே மேலே ஏறியது.
2. ஆய்வுக் கருவிகள் இருந்த பெட்டி தனியே பிரிந்தது.
3. பெட்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டிய காற்றுக் கவசம் அதைச் சுற்றி டியூப் போல உப்பியது. ஒரு மடிப்பில் கிழிந்தது.
4. பெட்டி கடலில் மோதி உடைந்தது.
5. கவசத்தைச் சோதித்துத் தேர்ச்சி தந்த தாளில் இருந்தது என் கையெழுத்து.

மிதந்த துணியை மீட்டு வந்தார்கள். கிழிந்த இடத்தில், உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஒட்டு. துளை விழுந்த துணியைக் கழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. ஒட்டுப் போட்ட இடம் காற்றைத் தாங்கும்; மடித்து வைத்தால் விறைத்து விளிம்பில் அறுக்கும். நான் சோதித்த அன்று காற்று கசியவில்லை. வெளியே ஒரு தழும்புகூட இல்லை.

துணியை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் அண்ணாச்சி முப்பது வருடம் தோல் பை தைத்தவர். ஒட்டு கண்ணில் படாமல் இருப்பதுதான் அவர் தொழிலில் நேர்மை.

"ஒனக்குத் தெரியாதாம்மா? ஊசி தப்பி ஓட்டை விழுந்துட்டுன்னு சார்ட்ட அன்னைக்கே போன்ல சொன்னேம்லா. 'உள்பக்கமா ஒட்டிருங்க அண்ணாச்சி, அவட்ட சொல்லாதீங்க, டெஸ்ட்டையே நிப்பாட்டிருவா'ன்னாவ. பைக்கு ஒட்டுத மாதிரியே நைஸா ஒட்டுனேன்."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சார் எங்கள் குழுத் தலைவர். மும்பையின் மாட்டுங்காத் தமிழர். "உன் செக்லிஸ்ட்ல கடவுளே பாஸ் ஆகமாட்டார்ம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். அதைப் பாராட்டு என்றே நான்கு வருடம் நம்பினேன். என் லிஸ்ட்டுக்கு வெளியே ஒரு வேலை நடக்க அவரே வழி செய்திருக்கிறார் என்பதுதான் தாங்கவில்லை. விசாரணைக் கூட்டத்தில் அவர் பொய்கூடச் சொல்லவில்லை. "செக் பண்ணினது இவங்கதான்" என்றார். அது உண்மைதானே.

வெளியே வந்ததும் ஏன் மறைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "லாஞ்ச் தேதியைத் தள்ள முடியாதும்மா. உங்கிட்ட சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?" என்றார்.

"விட்டிருக்க மாட்டேன், சார்."

"அதான் சொல்லலை" என்றார், நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டதைப் போல.

விசாரணைக் குழுவிடம் காட்ட, நடந்ததை எழுதித் தரும்படி அண்ணாச்சியிடம் கேட்டேன். "எழுதுனா அடுத்த ஆர்டர் வராதுல்லா, தாயி" என்றார்.

இப்போதைய நிலை: சோதனைத் தாளில் கையெழுத்திடும் அதிகாரம் என்னிடம் இல்லை. அடுத்த கவசத்துக்குச் சார் கையெழுத்திடுவார். செம்பூர் வீட்டிலிருந்து வாஷி அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிறேன். காலையில் அவர் "குட் மார்னிங்" சொல்கிறார். நான் பதில் சொல்வதில்லை.