சூட்டுக்கோலுக்கு ஓர் ஆணி

அடுப்பிலிருந்து எடுத்த சூட்டுக்கோலின் முனை பழுத்த மிளகாய்போலச் சிவந்திருந்தது. அதற்கடுத்து எனக்கு நினைவு வருவது முடி கருகிய நாற்றம். வடகரப்பதியில் எங்கள் பெரியப்பா சூடு வைக்காத மாடே கிடையாது. கழுத்து வீங்கினால் சூடு, கால் இழுத்தால் சூடு. மாடு பிழைத்தால் அவர் கைராசி, செத்தால் மாட்டின் விதி. அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

என் வெள்ளைப் பூனைக்கு வயதாகியிருந்தது. பகலெல்லாம் களத்தில் வெயில் காய்ந்தே கிடக்கும். காது நுனியில் ஒரு பொருக்கு. உதிரும், ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். மாதக்கணக்கில் ஆறவில்லை. கொழிஞ்சாம்பாறை மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அழுதேன். "பூனைக்கெல்லாம் எவனாச்சும் டாக்டரைத் தேடுவானா அம்மிணி? ஒரு இழுப்பு இழுத்தா ஆறிப்போகும்" என்றார் பெரியப்பா. சாக்கில் சுற்றிப் பிடித்துக் காதில் சூடு இழுத்தார். ஆறுமா? புண் பாதிக் காதைத் தின்றுவிட்டுத் தாடைக்கு இறங்கியது. கடைசியில் சோறு மெல்ல முடியாமல் பட்டினி கிடந்தே செத்தது. "வயசாயிருச்சு, போச்சு" என்று கையைத் தட்டிவிட்டுப் போன அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும். பாசத்தால்தான் நான் கால்நடை மருத்துவம் படித்தேன் என்கிறார்கள். பாசம் பாதிதான். மீதி வன்மம்.

போன சித்திரையில் அவரே என் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெரியம்மா போனபின் அவருக்கிருக்கும் ஒரே துணை, ஒரு கிழட்டு வெள்ளைப் பூனை, துண்டில் சுற்றி மடியில் இருந்தது. அதே காது நுனி, அதே பொருக்கு. "காப்பாத்திருவீல்ல அம்மிணி?" என்று கெஞ்சினார். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

"சூடு வெச்சுப் பாத்தீங்களா பெரியப்பா?"

"ஐயோ, மனசு வருமா சாமி?"

அந்தப் பதிலுக்கு அவரை என்ன செய்தாலும் தகும். ஆனால் பூனை என்ன பாவம் செய்தது? தாடைக்கடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இல்லை. புண்ணில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வெள்ளைத் தோலில் வெயில் பட்டுப்பட்டு வருகிற புற்றுதான். காது மடலை, ஓரத்து நல்ல தோலோடு சேர்த்து, வெட்டியெடுத்தேன். பூனை பிழைத்துக்கொண்டது.

"இவ்வளவுதானா வேலை?" என்றார் பெரியப்பா.

"அன்னைக்கும் இவ்வளவுதானுங்க" என்றேன்.

தையல் பிரிக்க வரும்போது சூட்டுக்கோலைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் உட்காரும் நாற்காலிக்கு நேரெதிரே ஆணியடித்து மாட்டினேன். இன்னொரு காதிலும் வந்துவிடாமல் பார்க்க மாதாமாதம் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துதானே ஆக வேண்டும்?

போன தடவை, "அதைக் கழட்டிரு அம்மிணி" என்றார்.

"பூனை இருக்கற வரைக்கும் இருக்கட்டுங்க பெரியப்பா" என்றேன்.

அந்தப் பூனை நீண்ட நாள் இருக்கும். நான் பார்த்துக்கொள்வேன்.