ரசமட்டமும் மூன்றாவது மாடி ஜன்னலும்

என் வீட்டுக்காரருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தவன் என் தம்பி. கொத்தனார்கள் சுவர்மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சாமான். மனிதர் வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றும் முன் காலண்டரை நிமிர்த்துவார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டை மேஜை விளிம்புக்கு நேராக நகர்த்துவார். ஒரு நாள், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே என் தலையணையை நேராக்கினார். அன்றைக்கு நடந்த சண்டையை எதிர்வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தொழில், கட்டடங்களைப் படம் எடுப்பது. கட்டடங்களை மட்டும். படத்துக்குள் ஆள் வந்தால் சோற்றில் கல் வந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். "ஆளுன்னா அசையும், ஆயிரம் கேள்வி கேக்கும். கட்டடம் சும்மா நிக்கும்" என்பார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். தண்ணீர்த்தொட்டி முதல் பேருந்து நிலையம் வரை அழகழகாக எடுத்தவர், கட்டின மனைவியை ஒரு படம் எடுத்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில் கடற்கரைக்குப் போனோம். ஆசையாகக் கலங்கரை விளக்கத்தின் முன்னால் போய் நின்றேன். "கொஞ்சம் தள்ளு" என்றார். தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்." தள்ளினேன். அந்தப் படம் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கலங்கரை விளக்கம் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. அன்றையிலிருந்து எனக்கு ஒரே ஆசை: இந்த மனிதர் கையால் எடுத்த படம் ஒன்றில் நான் இருக்க வேண்டும். கேட்டால், "எடுத்துட்டா போச்சு" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போன மாதம் பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து முடித்தார்கள். திறப்பு விழாவன்று வாசல் கூடத்தில் மாட்ட, சுவர் அகலத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக உதவிக்கு வருபவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"நீ வர்றியா?" என்றார்.

"எங்க நிக்கணும்?" என்றேன், தலையை வாரிக்கொண்டே.

"நிக்க எல்லாம் வேணாம். ஜன்னல் திரையெல்லாம் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடணும்."

போனேன். அப்பப்பா, அது வேலையா, தண்டனையா! அறைக்கு அறை திரையை ஏற்று, இறக்கு. நாற்காலிகளை வரிசையாக்கு. குப்பைத்தொட்டியை ஒளித்து வை. கட்டடம் முழுக்கப் பெயிண்ட் வாசனை. மூன்றாவது மாடியில் பெயிண்டர் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "ஜன்னல் கட்டைல கை வெச்சிடாதீங்கக்கா, இன்னும் காயல" என்று சொல்லிவிட்டுப் போனார். தலையை ஆட்டினேன். என் தலை ஆடும்போது காது வேலை செய்யாது.

பொழுது சாயும் நேரம்தான் இவருக்கு முகூர்த்தம். வானமும் உள்ளே எரியும் விளக்கும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தானாம். சரியாக அப்போது கல்லூரி முதல்வர் வந்து சேர்ந்தார். புதுக் கோட்டு, சாயம் காயாத மீசை, போட்டுக்கொண்ட வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"நான் எங்க நிக்கட்டும்?" என்றார்.

"நிக்காதீங்க சார். வாசல் முன்னாடி அப்படியே நடந்துக்கிட்டே இருங்க. கம்பீரமா இருக்கும்" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். காமிராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி ஒரே காட்சியைப் பல தடவை எடுப்பார். பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருப்பது மட்டும் தங்கும். இடம் மாறியதெல்லாம் மறைந்துவிடும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நடந்தால் போச்சு. படத்தில் விழ ஆசைப்படும் முதலாளிகளையெல்லாம் இவர் இப்படித்தான் நடக்கவிடுவார்.

விளக்குப் போடப் படியேறும்போதுதான் உறைத்தது. நடந்தால் மறைவார்கள் என்றால், நின்றால்?

மூன்றாவது மாடி விளக்கைப் போட்டேன். ஃபோன் அடித்தது.

"போட்டாச்சா? பின்பக்கப் படி வழியா இறங்கிடு."

"சரிங்க" என்றேன். இறங்கவில்லை. ஜன்னல் முன்னால் போய் நின்றேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பல் தேய்க்கும்போதுகூட வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றுகிறவள். காலில் சக்கரம் கட்டிப் பெற்றுவிட்டதாக என் அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவள் கல்லாகச் சமைந்து நின்றேன். மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. வீட்டு வாடகை கொடுத்தது போல அங்கேயே அசையாமல் குடியிருந்தது. விரட்டவில்லை. கீழே முதல்வர் இடுப்பில் கை வைத்து நடக்கிறார், வானத்தைப் பார்த்து நடக்கிறார், கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறார், திரும்புகிறார், மறுபடி நடக்கிறார். சிரிப்பு வயிற்றுக்குள் குமுறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தாங்க முடியாமல் முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றினேன். ஊன்றியது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து படங்களைச் சேர்த்தார். நான் பின்னால் நின்றேன். காவல்காரர் மறைந்தார். சைக்கிளில் போனவர் மறைந்தார். முதல்வர், கோட்டு மீசையோடு மொத்தமாக மறைந்தார். கட்டடம் மட்டும் தகதகவென்று நின்றது. இவர் மூக்கைத் திரையில் இடிக்காத குறையாகக் குனிந்தார்.

"மூணாவது மாடில என்ன இது, கறை மாதிரி?"

"கறையா? நான்தாங்க அது!"

பெரிதாக்கிப் பார்த்தார். பழக்கதோஷம், கை தானாக அழிப்பானை எடுத்தது. அந்தச் சின்ன வட்டம் என் தலைமேல் வந்து நின்றது. சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கலங்கரை விளக்கத்துக்கிட்டேருந்து தள்ளிவிட்டீங்க, போனேன். இங்கேருந்தும் தள்ளுறீங்களா?" என்றேன்.

அவர் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் நான், அதே இடத்தில்.

"அசையவே இல்லையே. நீயா?"

"நானேதான்."

"மூக்குல என்ன?"

"ஈ."

ரொம்ப நேரம் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சாஞ்சு நிக்கிற" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! பச்சைப் பெயிண்ட் அப்பிய முழங்கையை மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். சாயங்காலம் வரை பேசவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான். படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "என்னை அழிச்சுட்டீங்களா?" என்றேன். "விழாவுல பாரு" என்றார். அழித்திருப்பார். கோணலாக ஒரு ஸ்பூன் கிடந்தாலே பொறுக்காதவர் கோணல் மனைவியையா பொறுப்பார்?

விழாவன்று படத்தின் மேல் இருந்த துணியை விலக்கினார்கள். நான் கட்டடத்தையா பார்த்தேன்? நேரே மூன்றாவது மாடிக்குப் போனது கண். இருந்தேன்! உள்ளங்கை உயரத்துக்கு, சாய்ந்தபடி, ஈயோடு. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

முதல்வர் படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவாத குறையாகத் தேடினார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் எங்கே?"

"கொஞ்சம் வேகமா நடந்துட்டீங்க சார்" என்றார் இவர்.

கட்டடத்தைப் புதுப்பித்த பொறியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "மேல ஜன்னல்ல யாரது? உங்க படத்துல எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்குமே. இது ஏன் சாஞ்சு நிக்குது?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என் வீட்டுக்காரி" என்றார் ரசமட்டம். "அவ நேராத்தான் நிக்கிறா சார். உங்க ஜன்னல்தான் கோணல்."

பொறியாளர் அன்று விருந்தில் கைவைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே நிஜமான ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாராம். ஜன்னல் நேராகத்தான் இருந்ததாம். கட்டையில் மட்டும் யாரோ முழங்கை வைத்த தடம் இருந்ததாம்.