பிரிக்காத பூப்பொட்டலம்

ஆத்தாவை நம்பும் என் போன்ற பெண்களுக்காக வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் எனக்கு எட்டாம் மாதம். எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரைத் தாண்டி மலைமேல் இருக்கிறது. திடீரென்று காய்ச்சல். வெளியே சொல்லக் கூசும் இடத்தில் நீர்கோத்த கொப்புளங்கள். சிறுநீர் கழித்தால் உயிர் போனது. மாமியாரிடம் கொப்புளம் என்று மட்டும் சொன்னேன்.

"ஆத்தா எறங்கிகீறா. ஊசி, மாத்திரன்னு போனா கோவிச்சுக்குவா" என்றார். வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பு நின்றது.

அம்மை அந்த ஓர் இடத்தில் மட்டுமா வரும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் தெய்வக் குற்றம். போகாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. அழுதழுது ஓய்ந்தேன்.

கடைசியில் மாமியாரே பூ கேட்கலாம் என்றார். சிவப்புப் பூ வந்தால் வீட்டிலேயே இருப்பது, வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி. இரண்டையும் தனித்தனியாக மடித்து விளக்கு முன்னால் வைத்தார். "தாயே, வந்திருப்பது நீதானா? நீயே வாய் திறந்து சொல்லு" என்று வேண்டிக்கொண்டேன்.

என் கணவர் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. அப்படியே விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது ஆத்தா இல்ல. நான்தான் கொண்டாந்தேன்."

கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்த்தபோது அவருக்கும் இப்படி வந்ததாம். தானாக ஆறியதால் போய்விட்டது என்று இருந்துவிட்டாராம். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

அன்றே மலையிறங்கிப் போளூர் போனோம். ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ், உடலுறவில் தொற்றுவது, தங்களுக்கு அது இருப்பதே பல இளவட்டங்களுக்குத் தெரியாது என்றார் டாக்டரம்மா. பிரசவத்தில் பிள்ளைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்தாம். மாத்திரை கொடுத்தார். வலி வருமுன் ஆபரேஷன் செய்தார்கள். ஆவணியில் மகள் பிறந்தாள், ஒரு கொப்புளம்கூட இல்லாமல். வைரஸ் எங்கள் உடம்பில்தான் இருக்கும், எப்போதாவது தலைகாட்டும். மாத்திரை இருக்கிறது, இப்போது மறைப்பதும் இல்லை.

ஆத்தாவுக்குப் பொங்கல் வைத்தோம். மாமியார் இப்போது கொப்புளம் என்று யார் வந்தாலும் வேப்பிலையும் கொடுக்கிறார், போளூர் பஸ்ஸிலும் ஏற்றிவிடுகிறார்.

நீங்களும் மனம் விட்டு வேண்டிக்கொள்ளுங்கள். பதில் பக்கத்தில் நிற்பவர் வாயிலிருந்தும் வரும். வந்தால் உடனே கிளம்புங்கள். அந்தப் பொட்டலம் இன்னும் விளக்கு மாடத்தில் காய்ந்து கிடக்கிறது. உள்ளே என்ன பூ என்று பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.