காக்கி தைத்தவன் கற்ற நாடகம்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. கடைக்காரன் என் கண்முன்னே அளந்து கொடுத்த துணியை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை அளப்பேன். அப்படிப்பட்டவன் நாடகம் கற்றுக்கொள்ளப் போய், என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர்களிடம் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் பினாங்குத் தீவின் பினாங்கு ரோட்டில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தேன். போலீஸ்காரர்களின் காக்கி உடுப்பெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். போலீஸை நாங்கள் மாத்தா என்போம். எந்நேரமும் ஒரு மாத்தாவாவது கடைவாசலில் நின்று என்னோடு கதை பேசிக்கொண்டிருப்பார்.

மேடை ஏற வேண்டும் என்பது எனக்குத் தீராத ஆசை. ஊரிலிருந்து கப்பலில் வரும் நாடகக் கம்பெனி ஒன்றையும் விடமாட்டேன். மறுநாள் மெஷினை மிதித்துக்கொண்டே அவர்கள் வசனத்தைப் பேசுவேன். சூலியா தெருவில் ஒரு மாடியில் தமிழர்கள் சிலர் நாடகம் பழகுவதாகக் கேள்விப்பட்டதும் நேரே போய் நின்றேன். கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர்தான் அங்கே சகலமும். எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, திட்டுவது எல்லாம் அவரே.

"எங்க வேலைண்ணே?" என்று கேட்டார்.

சொன்னேன். அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓசியில் உடுப்புத் தைக்க ஆள் கிடைத்துவிட்டான் என்று பூரிக்கிறார்கள் போலும் என நினைத்தேன்.

"சிவபக்தர் கதை ஒண்ணு போடுறோம். மந்திரி வேஷம் காலியாத்தான் இருக்கு. பழக வாங்க லா," என்றார் கிராணி.

என் தையல் சுண்ணக்கட்டியை வாங்கித் தரையில் ஒரு கட்டம் போட்டார். அதுதான் மேடை. ஜனங்கள் எந்தப் பக்கம், படுதா எங்கே, எந்த ஓரத்தில் மறைந்து நிற்க வேண்டும் என்று காட்டினார்.

"ஜனங்களுக்கு முதுகைக் காட்டாதீங்க. ராணி பேசுறப்ப வெளிச்சத்த மறைக்காதீங்க. கைதட்டு அடங்கினப்புறம் வாயத் திறங்க."

எல்லாம் வந்துவிட்டது, கைதான் வரவில்லை. வசனம் பேசினால் என் விரலிரண்டும் கத்தரிக்கோல் போல வெட்ட ஆரம்பித்துவிடும். "மந்திரி என்னத்தண்ணே வெட்டுறாரு?" என்பார் கிராணி. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

எதையும் தீர விசாரிப்பது என் வழக்கம். இந்த ஓரத்தில் யார் யார் நிற்பார்கள், எப்போது உள்ளே வருவார்கள், வெளியே போக எத்தனை வழி, வசனம் முழுக்க எழுதினது யார், போலீஸில் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நான் கேட்கும்போதெல்லாம் மாடியில் பேச்சு நின்றுவிடும். தொழில் ரகசியத்தை மறைக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் சீக்கிரமே போனேன். மேலே யாரோ துரையைப் போல அதட்டுவது கேட்டது. என் கால் படிக்கட்டில் பட்டதும் அந்தக் குரல், "சம்போ மகாதேவா!" என்று உருகியது. எனக்குச் சுருக்கென்றது. என் வேஷத்தை வேறு யாருக்கோ கொடுத்துப் பழக்குகிறார்கள் என்று தோன்றியது. ஆனாலும் ராஜாவுக்கு ஜரிகை வைத்த நீளக் கோட்டு ஒன்று கேட்டார்கள், தைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் கிராணி, "ஹால் கிடைக்கலண்ணே, கொஞ்ச நாள் போகட்டும்," என்று சொல்லி ஒத்திகையை நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கால்சட்டை கொடுக்க ஜெலுத்தோங் போயிருந்தேன். தென்னந்தோப்பில் பெருங்கூட்டம். பலகை மேடையில் எங்கள் ஆட்கள்! ஜரிகையைப் பிய்த்துவிட்டு நான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, எங்கள் ராஜா தோட்டத்துத் துரையாக நின்றிருந்தார். கிராணி கங்காணி வேஷத்தில் கூலிப்பணத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிவபக்தர் கதை என்று ஒரு நாடகமே இல்லை. என்னை மாத்தாவின் ஆள் என்று நினைத்து, எனக்குக் காட்டுவதற்காகவே அதைப் பழகியிருக்கிறார்கள். அந்த மாடியில் நான் ஒருவன்தான் ஜனங்கள், மற்ற எல்லோரும் நடிகர்கள். அவமானத்தில் என் கண் கலங்கிவிட்டது. மேடையிலிருந்து கிராணி என்னைப் பார்த்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தவர் வசனத்தை விழுங்கினார்.

மறுநாள் காலை கடைக்கு ஒரு மாத்தா வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கே வேட்டி கட்டிய ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். அவரும் மாத்தாதான், உடுப்பு மட்டும் இல்லை.

"ஜெலுத்தோங்ல துரையக் கிண்டல் பண்ணி நாடகமாமே? நீயும் அந்த ஆளுங்ககூடத்தான் பழகினியாம். என்ன கதை?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிராணியின் உத்தியோகம் போய்விடும். கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். சொல்லிவிடத்தான் நாக்குத் துடித்தது. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் என்ற பயம் பாதி. மந்திரி வேஷத்தை யாரிடமாவது ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்ற வெறி பாதி.

"அது பக்தி நாடகங்க. நான்தான் மந்திரி," என்று எழுந்து நின்றேன். முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தேன். ராஜாவாகவும் பேசினேன், ராணிக்காக அழுதேன், சிவபெருமானாக வரமும் கொடுத்தேன். கை அசையவே இல்லை.

"துரைக் கோட்டு போட்டிருந்தானாமே ஒருத்தன்?"

"அது ராஜா கோட்டுங்க ஐயா. நானே தைச்சது. மிச்சத் துணி கடையில இருக்கு, வந்து பாருங்க."

அவர் சிரித்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

சந்தோஷம் தாளாமல் வெளியே வந்தேன். எதிர்ச்சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கிராணி நின்றிருந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போன செய்தி அதற்குள் எட்டியிருக்கிறது. பட்ட கோபமெல்லாம் மறந்து அவரிடம் ஓடினேன்.

"பயப்படாதீங்க கிராணியாரே. பக்தி நாடகம்னு முழுசாப் பேசிக் காட்டிட்டேன். நம்பிட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது."

அவர் ஸ்டேஷன் வாசலையும் என் சிரித்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"நல்லா நடிக்கிறீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

சாயங்காலம் அந்த மாடிக்குப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. எத்தனையோ ஒத்திகையில், நன்றாக நடிக்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்கத்தான் நான் ஏங்கியிருந்தேன்.