கோயிலில் கேட்காத பக்கம்

மெல்போர்னின் ஓக்லி பகுதியில் திரைச்சீலை தைத்துப் பிழைக்கும் எவந்தியாவுக்குப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு வயதோடு முடிந்துபோனது. கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவை விட்டுக் கப்பலேறியபோதுகூட அழாதவள், ஐம்பதைத் தாண்டியபின் பழங்கிரேக்கப் பாடநூல் ஒன்றை வாங்கி வந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

ஆசிரியர் கிடையாது, பரீட்சையும் கிடையாது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்க அவளிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் அந்தப் பழைய மொழியில் சுவிசேஷம் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பாள்.

அன்று ஒரு சொல்கூடத் தப்பவில்லை. பூசை முடிந்து தன்னோடு வீட்டுக்கு வந்த நாத்தனார் மரூலாவிடம் பொங்கிப்போய்ச் சொன்னாள்.

"அக்கா, இன்னிக்கு முழுசும் புரிஞ்சுது!"

மரூலா பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்தாள். "ஏன் புரியாது? தொட்டில்ல கிடந்தப்பவே கேட்டதுதானே! எங்க வீட்டுக் கிளிகூட பாதிரியார் மாதிரியே இழுத்துப் பாடுது. அதுவும் படிச்ச கிளியா?"

எவந்தியாவின் முகம் வெளிறியது. உண்மைதானே! இத்தனை காலமும் அவள் அளந்துகொண்டிருந்தது வெறும் பழக்கத்தைத்தானா?

"அப்ப நான் படிச்சதெல்லாம் பொய்யாக்கா?" குரல் உடைந்தது. "பொய்னா இன்னிக்கே புத்தகத்தைக் குப்பையில போட்டுடறேன்."

"அடி பைத்தியமே, இதுக்குப் போய் அழுவாங்களா! கோயில்ல கேக்காத ஒண்ணைப் படி, தெரிஞ்சிடும்." மரூலாவே பாடநூலின் கடைசிப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து மேசையில் வைத்தாள்.

முதல் வரி இருட்டாக இருந்தது. அகராதியைப் புரட்டினாள். ஒரு திராட்சைத் தோட்டம். யாருடைய ஆடோ உள்ளே புகுந்துவிட்டது. இரண்டு வரிக்குள் காப்பி ஆறிப்போனது. மரூலா கொட்டாவி விட்டாள்.

திடீரென்று எவந்தியா வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னடி?"

"தோட்டக்காரன் நியாயம் கேக்கப் போறான். ஆட்டுக்காரன் சொல்றான், 'உன் திராட்சையைத் தின்னு என் ஆடு வயித்துவலியில கிடக்குது, அதுக்கு யாரு பதில் சொல்றது?'ன்னு!"

"ஐயோ, என் தம்பி உங்கிட்டப் பேசற நியாயம் மாதிரியே இருக்கே!" மரூலாவுக்கும் சிரிப்பு வெடித்தது.

அந்த வரிக்கு அகராதியைத் தொடவே இல்லை என்பது எவந்தியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கதையை யாரும் அவளுக்குத் தொட்டிலில் பாடியதில்லை. கோயிலில் முழுவதும் புரிந்தவளுக்கு இங்கே பாதிகூடப் புரியவில்லை. ஆனால் புரிந்த அந்தக் கொஞ்சம் அவளே சம்பாதித்தது. கண்ணீர் மறுபடி வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"சரி, அதுக்குத் தோட்டக்காரன் என்ன சொன்னான்?"

"தெரியலக்கா. மிச்சத்தைப் படிக்கணும். நாளைக்கு வா, சொல்றேன்."

"நாளைக்கா?" மரூலா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "நான் வேற காப்பி போடறேன். நீ இப்பவே படி."