குங்குமம் வைத்த வெள்ளீயக் குப்பி

ஒரு விரல் உயரக் கண்ணாடிக் குப்பி. அதன் வயிற்றின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. இத்தனை வருஷமாக நான் அதைத் துடைக்கவில்லை, அதற்குப் பொட்டு வைத்த ஆளை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே. போன வாரம் அவருடைய மகன் வீடு தேடி வந்தார். அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "நாலு வார்த்தை நல்லதா எழுதிக் குடுங்க மேடம்" என்றார்.

எழுபதுகளில் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடல்காற்று நேராக வந்து மோதும் ஒரு கொட்டகைதான் எங்கள் பரிசோதனைக்கூடம். இவருடைய அப்பா மேலாளர், நான் தற்காலிக உதவியாளர். சவுக்குக் கன்றைப் பையோடு நட்டால் பை மண்ணிலேயே மக்கிப்போக வேண்டும். அப்படியொரு பிளாஸ்டிக் செய்வது வேலை. எண்ணெய் மாதிரியான மூலப்பொருளில், இந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு வெள்ளீய வினையூக்கியை விட்டுச் சூடாக்கினால் அது இறுகிப் பிளாஸ்டிக்காகும். ஈரம் பட்டால் போச்சு. கடல் தாண்டி வந்த ஒரே குப்பி என்பதால், ஈரம் உறிஞ்சும் ஜாடிக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் காத்தேன். முதலில் செய்த பை இழுத்தாலும் கிழியவில்லை. அதிகாரிகள் மெட்ராஸிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் எதிரில் ஒருமுறை செய்து காட்டிவிட்டால் என் வேலை நிரந்தரம். என் அப்பா படுக்கையில் கிடந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

அதற்குள் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. எல்லாவற்றையும் அலம்பச் சொன்ன மேலாளர், ஜாடியைத் தானே திறந்து குப்பியை எடுத்து, மூடியைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தார். சரஸ்வதி படத்தடியில் வைத்துப் பொட்டிட்டார். நான் பதறினேன்.

"சார், மூடியப் போட்டுடறேன்!"

"சாமி முன்னாடி மூடியா வெப்பாங்க? நாளைக்குப் பூஜை முடிஞ்சுதான் தொடணும். படிச்ச திமிரா?" எல்லார் எதிரிலும் கத்திவிட்டு மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெரியாமல் செய்தார் என்று சொல்ல மாட்டேன். வேதியியல் படித்த மனுஷன். அன்று முழுக்க மழைக்காற்று அடித்தது. மறுநாள் மூடியைக் கேட்டால் எங்கே வைத்தேனோ என்றார். தக்கையால் அடைத்தேன். "கெட்டுப்போயிருக்கும் சார், வேற வரவழைக்கலாம்" என்று கெஞ்சினேன். "பூஜை பண்ணது கெடுமா?" என்று முறைத்தார்.

அதிகாரிகள் எதிரில் அது இறுகவே இல்லை. அட்டெண்டர் குச்சியால் கிண்டிப் பார்த்து, "இன்னா மேடம், மெழுகாட்டம் பிசுபிசுனு கீது" என்றார். மேலாளர் சிரித்துக்கொண்டே, "பொண்ணுக்குக் கவனம் பத்தல சார். குப்பிய மூட மறந்துட்டா" என்றார். அட பாவி! நான் அட்டெண்டரைப் பார்த்தேன். அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது, தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளே என்னை நிறுத்திவிட்டார்கள். போகும்போது குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

தம்பி, நீங்கள் கேட்ட நாலு வார்த்தை இதுதான். நல்லதாகவும் ஒன்று சொல்கிறேன்: உங்கள் அப்பாவுக்குப் பொட்டு கோணாமல் வைக்கத் தெரியும். குப்பியைப் படம் எடுத்து மலரில் போட்டுக்கொள்ளுங்கள். மூடி மட்டும் என்னிடம் இல்லை. அவருடைய பழைய சட்டைகளில் தேடிப் பாருங்கள்.